நடுப்பாட்டு முடிச்சு

ஒரு கண்ணை மேடையிலும் மறு கண்ணைக் கடலிலும் வைத்துக்கொண்டு, இரண்டையும் ஒரே நேரத்தில் நடத்திக்கொண்டிருக்கும் அவைத் தலைவர், நடுப்பாட்டு மீனவர் சங்கத்தின் அன்ரனிப்பிள்ளை அண்ணர் அவர்களே! காலைப் பூசையை முடித்த கையோடு மணல் பாதையில் மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து சேர்ந்த பங்குத்தந்தை அவர்களே! சுபஹுத் தொழுகை முடிந்து நேரே கரைக்கு வந்து, எனக்கு முன்பே முன்வரிசைக் கதிரையைப் பிடித்துக்கொண்ட மௌலவி அவர்களே! கோபத்தோடு வந்து இந்தக் கரையைப் பூட்டியவரும், இன்று குடும்பத்தோடு வந்து அதைத் திறந்து வைத்தவருமான கடற்றொழில் அதிகாரி மாத்தயா அவர்களே!

தலவிலையிலிருந்து கடற்கரை வழியே நடந்தே வந்த தாய்மார்களே! வண்ணாத்திவில்லிலிருந்து லொறியேறி வந்த சகோதரர்களே! சிலாபத்திலிருந்து மீன் வாங்க வந்து, இப்போது என் பேச்சையும் சேர்த்து வாங்கவேண்டிய கதிக்கு ஆளான முதலாளிமாரே! கடலைக் கண்ணால் அளந்த மூத்தோரே! கயிற்றைக் கையால் ஆண்ட தோழரே! கரையைக் காத்த கண்ணியமிக்க அன்னையரே! உங்கள் அனைவர் மீதும் சாந்தியும் சமாதானமும் உண்டாகட்டும். அஸ்ஸலாமு அலைக்கும்! வணக்கம்!

பின்னால் கேட்கிறதா? ஓம் என்கிறீர்கள். சந்தோஷம். கச்சான் கடலை கொறிக்கும் அந்த மூன்று பேருக்கும் கேட்கிறதா? அவர்கள் கொறிப்பது எனக்குக் கேட்கிறது, அதனால்தான் விசாரித்தேன்.

தலைவர் எனக்குத் தந்திருப்பது பதினைந்து நிமிடம். பதினைந்து நிமிடத்தில் நான் வணக்கம் சொல்லி முடித்ததே கிடையாது என்பது ஊரறிந்த சங்கதி. ஆனாலும் இன்று சுருக்கிக்கொள்வேன். ஏனென்றால் எனக்குப் போட்டியாக, எனக்குப் பின்னால் கடலில் ஒரு வலை கிடக்கிறது. காலை ஆறரைக்கு வள்ளம் வளைத்துவிட்டு வந்த கரைவலை. வடக்கே ஒரு கயிறு, தெற்கே ஒரு கயிறு. இரண்டு கயிற்றிலுமாக இருபத்திரண்டு பேர் இழுத்துக்கொண்டிருக்கிறார்கள். அது யாருடைய வலை? மக்தலேனா அக்காவின் வலை. அவருடைய தந்தை இன்னாசிப்பிள்ளை சம்மாட்டியார் விட்டுச் சென்ற வலை. கிழிந்து கந்தலாகி, எட்டு மாதம் இருந்து தைத்துப் பொத்தி எடுத்த வலை. அது இன்று தாங்கினால் அந்த இருபத்திரண்டு வீட்டிலும் இந்தப் பருவம் அடுப்பெரியும். தையல் விட்டுவிட்டால் அக்காவிடம் வேறு வலை இல்லை. அதனால் நீங்கள் என்னைப் பார்ப்பதுபோல் பாசாங்கு செய்துகொண்டு கடலைப் பார்ப்பதை நான் மன்னிக்கிறேன்.

அன்பர்களே! அதோ அந்தத் துணியில் என் பெயரைப் பெரிதாக எழுதியிருக்கிறார்கள். ‘சிக்கல் தீர்த்த செம்மல் தாஹிர் மாஸ்டர்.’ எழுதியவர் நல்ல மனதோடு எழுதியிருக்கிறார். எழுத்தும் அழகு, மோனையும் அழகு. பொய் ஒன்றுதான் குறை. இந்தக் கரையின் சிக்கலைத் தீர்த்தவன் நானா? இல்லை. இறுக்கியவன் நான்! இதைச் சொல்லத்தான் ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கினேன். சொல்லாமல் இறங்கினால் வீட்டில் என் மனைவி றைஸா எனக்குச் சோறு போடமாட்டாள்.

எந்தச் சிக்கல்? எப்படி வந்த சிக்கல்? புதிதாய் வந்தவர்களும் இருக்கிறீர்கள், முதலில் இருந்து சொல்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, உடுத்த துணியோடு வள்ளங்களில் வந்து இறங்கியவர்கள் நாங்கள். நானும் வந்தேன், லாபிர் நானாவும் வந்தார். அவருக்கு அப்போது இருபது வயது. கடல் தெரிந்த கை, ஆனால் கையில் வலையில்லை. ‘வா தம்பி, கயித்தப் பிடி’ என்று தன் வலையில் இடம் விட்டவர் இன்னாசிப்பிள்ளை சம்மாட்டியார். இருபது வருடம் லாபிர் நானா அந்தக் கயிற்றில் இழுத்தார். யுத்தம் முடிந்தது. பாதை திறந்தது. பாதிப் பேர் மன்னாருக்குத் திரும்பினார்கள், பாதிப் பேர் இங்கேயே வேர் விட்டோம். தங்கிய லாபிர் நானா தனக்கென ஒரு கரைவலை கட்டினார். உரிமப் பத்திரமும் கிடைத்தது. ஒரு கரை, இரண்டு வலை. கரைவலை இழுக்கும் இடத்தை நாங்கள் பாடு என்போம், எங்களுடையது நடுப்பாடு. ஒரு பாட்டில் ஒரு நாளைக்கு ஒரு வலைதான் இறங்கலாம். ஆகவே ஒருநாள் அக்காவின் வலை, மறுநாள் நானாவின் வலை. எவ்வளவு எளிது! எவ்வளவு இனிது! சின்னப் பிள்ளையும் எண்ணலாம் அல்லவா?

எண்ண முடியவில்லை, ஐயா! ஏன்? எங்கள் ஆட்கள் வெள்ளிக்கிழமை கடலில் இறங்குவதில்லை. அக்காவின் ஆட்கள் ஞாயிற்றுக்கிழமை இறங்குவதில்லை. நானாவின் முறை வெள்ளியில் விழுந்தால் என்ன செய்வது? ‘எங்கட நாள் போச்சு, அதுக்கு ஈட்டு நாள் தாங்க’ என்றார்கள். அக்காவின் முறை ஞாயிற்றில் விழுந்தால்? ‘எங்கட நாளும் போச்சு, எங்களுக்கும் ஈட்டு நாள் தாங்க’ என்றார்கள். ஒரு ஈட்டு நாள் கொடுத்தால் அதற்குப் பின்னால் வரும் முறையெல்லாம் புரண்டது. புரண்ட முறை இன்னொரு வெள்ளியில் போய் விழுந்தது. அதற்கும் ஈடு! அவர்களின் நத்தார் பண்டிகைக்கு ஒரு ஈடு, எங்கள் நோன்புப் பெருநாளுக்கு ஒரு ஈடு, மழைக்கு ஒரு ஈடு, சாவு விழுந்த மையித்து வீட்டுக்கு ஒரு ஈடு!

ஐந்து வருடம், அன்பர்களே, ஐந்து வருடம்! அக்கா வீட்டுக் கலண்டரில் சிவப்புப் புள்ளி. நானா வீட்டுக் கலண்டரில் பச்சைப் புள்ளி. செவ்வாய்க்கிழமை விடிந்தால் அது யாருடைய செவ்வாய் என்று செவ்வாய்க்கே தெரியாது. காலையில் இரண்டு வள்ளமும் கடலோரம் முறைத்துக்கொண்டு நிற்கும். யாரும் இறங்கமாட்டார்கள். மீன் மட்டும் நிம்மதியாக மேய்ந்துவிட்டுப் போகும். தெருவில் கண்டால் முகம் திருப்பினோம், சந்தையில் கண்டால் சலாமை விழுங்கினோம். ஒரு கல்யாண வீட்டில் இரண்டு பந்தலா போட்டோம்? போட்டோம்! நினைக்க வெட்கமாக இருக்கிறது.

இப்படி அவிழ்க்க வழியே இல்லாத பிரச்சினைக்கு உலகத்தில் ஒரு பெயர் இருக்கிறது. கோர்டியன் முடிச்சு என்பார்கள். முப்பத்திரண்டு வருடம் நான் சரித்திரம் படிப்பித்தவன். இந்தக் கதையை எத்தனை வகுப்பில் சொன்னேன், எத்தனை மேடையில் முழங்கினேன் என்று எனக்கே கணக்கில்லை. இன்றைய துருக்கி நாட்டுப் பக்கம் கோர்டியம் என்று ஒரு பழைய ஊர். அங்கே ஒரு கோயில். கோயிலில் ஒரு மாட்டுவண்டி. வண்டியின் ஏர்க்காலையும் நுகத்தையும் சேர்த்து நாரினால் போட்ட ஒரு முடிச்சு. தலைப்பும் தெரியாது, முனையும் தெரியாது. இதை அவிழ்ப்பவன் ஆசியா முழுவதையும் ஆள்வான் என்பது அந்த ஊர் வாக்கு. எத்தனையோ பேர் வந்தார்கள், விரல் தேய்ந்து போனார்கள். கடைசியில் வந்தான் அலெக்சாந்தர். பார்த்தான். பொறுமையில்லை. என்ன செய்தான்?

வெட்டினான் என்று சொல்கிறீர்கள். ஓம், வெட்டினான்! வாளை உருவினான், ஒரே வெட்டு, முடிச்சு இரண்டு துண்டு. இப்படித்தான் நானும் சொன்னேன். போன மாசி மாதம், பாடசாலை மைதானத்தில், விளையாட்டுப் போட்டிப் பரிசளிப்பு விழாவில், இதே தொண்டையால் சொன்னேன். ‘அவிழாத முடிச்சை அவிழ்த்துக்கொண்டிராதே! வெட்டு! வீரன் வெட்டுவான்! கோழை கோதிக்கொண்டிருப்பான்!’ என்று மேசையில் அடித்துச் சொன்னேன். கைதட்டல் அடங்க நேரமானது. வீட்டுக்குப் போனதும் றைஸா தேநீரை வைத்துவிட்டு, ‘இங்க பாருங்க, நீங்க வெட்டு வெட்டு எண்டு கத்துறீங்க. கேட்டுட்டு இரிக்கிறவன் எதைய வெட்டுவான் எண்டு யோசிச்சீங்களா?’ என்றாள். ‘போடி, அது உவமை’ என்றேன்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. சிவப்புப் புள்ளியும் அதே செவ்வாயில், பச்சைப் புள்ளியும் அதே செவ்வாயில். பொறுமை இழந்த இரண்டு பக்கமும் ஒரே விடியலில் வலையை இறக்கிவிட்டது. அக்காவின் வலை முதலில், அதன் மேலே நானாவின் வலை. கடலுக்குள் கயிறு கயிற்றின் மேல் ஏறியது, இரண்டு வலையும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்தது. கரையில் நாற்பது பேர் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏச்சுப்பேச்சு. அந்த நேரத்தில் எங்கள் பக்கத்து இளந்தாரி ஒருவன், கலியாணம் முடித்து ஒரு பிள்ளைக்கு வாப்பாவானவன், இடுப்புக் கத்தியை எடுத்தான். ‘வீரன் வெட்டுவான்!’ என்று கத்தினான். அக்காவின் வடக்குக் கயிற்றை ஒரே வெட்டாக வெட்டினான்.

கயிறு போனது. நானாவின் வலை கழன்று தப்பியது, அக்காவின் வலை ஒரு பக்கம் சாய்ந்தது. நீரோட்டம் அதைச் சுருட்டிக்கொண்டுபோய் வடக்கே இருக்கும் கற்பாரில், கடலடிப் பாறையில் அடித்தது. மீன் நிறைந்திருந்த வலைப் பையான மடி நாராய்க் கிழிந்தது. இன்னாசிப்பிள்ளை சம்மாட்டியாரின் வலை, எங்களுக்கு இடம் விட்ட அந்த வலை, எங்கள் கையால் கிழிந்தது.

வந்தது பொலிஸ். வந்தார் மாத்தயா. இரண்டு வலைக்கும் தடை போட்டார். ‘ஒக்டோபர் முடியிறதுக்குள்ள ரெண்டு பேரும் ஒரு முடிவுக்கு வாங்க. இல்லாட்டி ரெண்டு பேருக்கும் பாடு இல்ல. நிரந்தரமா இல்ல’ என்றார். மாத்தயா, நீங்கள் சொன்னது சரி. அன்று உங்களை நாங்கள் மனதுக்குள் ஏசியதும் உண்மை. இரண்டையும் சபையில் சொல்லிவிடுகிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வீட்டுக்கு வந்தேன். வாசலில் அந்த இளந்தாரி நின்றான். பெயரைச் சொல்லட்டுமா? நேற்று அவனிடமே கேட்டேன். ‘சொல்லுங்க மாஸ்டர், ஊருக்கே தெரிஞ்சதுதானே’ என்றான். ஸுஹைப்! அதோ, வடக்குக் கயிற்றில் மூன்றாவது ஆளாக நின்று இழுக்கிறானே, அவன்தான். யாரும் திரும்பி அவனை முறைக்கவேண்டாம், அவன் வேலையில் இருக்கிறான்.

அன்று வாசலில் நின்று அவன் கேட்ட கேள்வியை நான் மௌத்தாகும்வரை மறக்கமாட்டேன். ‘மாஸ்டர், நீங்கதானே சொன்னீங்க, வெட்டுறவன்தான் வீரன் எண்டு. இப்ப எல்லாரும் என்னைய நாய் மாதிரிப் பார்க்குறாங்க. நான் வீரனா மாஸ்டர், என்ன நான்?’

எனக்கு வாயில்தான் வேலை. அன்றைக்கு முந்திக்கொண்டு வாய் திறந்தவள் என் மனைவி. உள்ளேயிருந்து றைஸா, ‘ரெண்டு பேரும் அந்தப் பொம்புளக்கிட்ட போங்க’ என்றாள். போனோம். போகிற வழியெல்லாம் மன்னிப்புக்கு ஒரு பேச்சு தயார் செய்தேன். அருமையான பேச்சு! மக்தலேனா அக்கா முற்றத்தில் கிழிந்த வலையை விரித்துப்போட்டு நடுவில் குந்தியிருந்தார். ‘கடலன்னையின் கண்மணியே, கருணையின் கரையே’ என்று ஆரம்பித்தேன். அக்கா கையை உயர்த்தினார்.

‘மாஸ்டர், கதைய விடுங்க. கதையாலதான் வலை கிழிஞ்சது. ஊசி பிடிக்கத் தெரியுமா?’

தெரியாது என்றேன். ஸுஹைபைப் பார்த்தார். ‘உனக்குத் தெரியும். நீ பொத்து. இவருக்குப் பழக்கு’ என்றார். ‘பொலிசில முறைப்பாடு குடுக்கல்லயா அக்கா?’ என்று அவன் கேட்டான். ‘நீ மறியல்ல கம்பி எண்ணப் போனா வலைய ஆர் பொத்துறது?’ என்றார். அவ்வளவுதான், அன்பர்களே. அதுதான் அவர் சொன்ன மன்னிப்பு. அவன் அந்த முற்றத்திலேயே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். நானும் அழுதேன், அதை ஏன் மறைக்க வேண்டும்?

வெள்ளிதோறும் ஜும்ஆ முடிந்து நாங்கள் இரண்டு பேர் போனோம். பிறகு நான்கு பேர் வந்தார்கள். ஒருநாள் பார்த்தால் லாபிர் நானா தன் ஊசியை எடுத்துக்கொண்டு வந்து வலையின் மறு ஓரத்தில் குந்தினார். இருபது வருடம் தான் இழுத்த வலையல்லவா? அக்கா ஒரு பிளேன்டீயை அவர் பக்கம் தள்ளிவைத்தார். என் விரல் மூன்று இடத்தில் வெட்டுப்பட்டது. நான் போட்ட வலைக் கண்களையெல்லாம் அக்கா அவிழ்த்துவிட்டுத் திரும்பப் போட்டார் என்பது பிறகுதான் எனக்குத் தெரிய வந்தது. சிரியுங்கள், சிரியுங்கள், அதற்குத்தான் சொன்னேன்.

வைகாசியில் ஒரு வெள்ளி. பின்னேரம். வலையில் ஒரு பெரிய சிக்கு விழுந்திருந்தது. நான் நகத்தால் கிள்ளுகிறேன், பல்லால் இழுக்கிறேன், வேர்க்கிறேன். அக்கா பார்த்துக்கொண்டே இருந்தவர், எழும்பி வந்தார். சிக்கைத் தொடவேயில்லை. வலையின் மேல் ஓரம் ஒரு தடிக்கட்டையில் மாட்டியிருந்தது. அந்தக் கட்டையை உருவி எடுத்தார். சிக்கு பொலபொலவென்று தளர்ந்து மணலில் விழுந்தது.

‘சிக்கைப் பார்க்கக் கூடாது மாஸ்டர். அது எதில மாட்டியிருக்குதெண்டு பார்க்கோணும்’ என்றார். சொல்லிவிட்டுப் போனவர், நின்றார். ‘ஓம், அந்த ராசா வெட்டினாரே, அந்த முடிச்சு எதில மாட்டிக் கிடந்தது?’

‘வண்டியில அக்கா. ஏர்க்காலையும் நுகத்தையும் சேர்த்து.’

‘நுகம் ஏர்க்கால்ல சும்மா நிக்காதே. குறுக்க ஒரு முளை இருக்குமே.’

‘இருக்கும்.’

‘அந்த முளைய உருவினா முடிச்சு தளர்ந்துபோகும். பிறகேன் வெட்டினவர்? அந்த மனுசன் ஒருநாளும் கயிறு பிடிச்சதில்ல போல.’

சபையோரே! நான் வீட்டுக்கு ஓடினேன். அலுமாரியைக் குடைந்தேன். மாணவப் பருவத்தில் கொழும்பில் படித்து, பிறகு தேடித்தேடி மறுபடி வாங்கிய தடித்த சரித்திரப் புத்தகத்தை எடுத்தேன். பக்கத்தின் அடியில் எறும்பளவு எழுத்தில் ஒரு குறிப்பு. வேறு சிலர் இந்தக் கதையை வேறு விதமாகச் சொல்வார்களாம். அலெக்சாந்தர் வாளை எடுக்கவில்லையாம், நுகத்தைப் பிடித்திருந்த முளையை உருவினானாம், முடிச்சு தானாகத் தளர்ந்ததாம்! முப்பத்திரண்டு வருடம் படிப்பித்தவன், அடிக்குறிப்பைப் படிக்கவில்லை. புத்தகத்தையே காணாத மக்தலேனா அக்கா ஒரு வலைக்கட்டையை வைத்து அதைச் சொல்லிவிட்டார். எனக்கு ஏறிய வெட்கம் கொஞ்சமல்ல, ஆனால் அதோடு ஏறிய ஆனந்தத்துக்கு அளவில்லை!

அடுத்த வெள்ளி அக்காவிடம் கேட்டேன். ‘அப்படியெண்டா எங்கட முடிச்சு எதில மாட்டியிருக்குது அக்கா?’ அவர் ஊசியை நிறுத்தாமல் சொன்னார். ‘எனக்கு அண்டைக்கே விளங்கிட்டுது. மாத்தயாட முன்னால சொல்லுறன்.’

மாத்தயா தந்த கெடு முடிய ஒரு வாரம். கல்பிட்டியில் மாத்தயாவின் கந்தோர் அறை. மேசைக்கு அந்தப் பக்கம் மாத்தயா. இந்தப் பக்கம் இரண்டு கட்சி. நாங்கள் எங்கள் பச்சைக் கலண்டர்களைக் கட்டுக்கட்டாகக் கொண்டுபோயிருந்தோம். அவர்களின் சிவப்புக் கலண்டர்களும் ஒரு உரப்பையில் வந்திருந்தன. மாத்தயாவின் முகத்தைப் பார்த்தேன். கலண்டர்களைக் கண்டதும் அவர் தலையிடிக்குப் பனடோல் தேடினார். மாத்தயா சிரிக்கிறார், உண்மைதானே!

மக்தலேனா அக்கா எழும்பினார். கலண்டரைத் தொடவில்லை. லாபிர் நானாவைப் பார்த்தார். ஐந்து வருடத்துக்குப் பிறகு அவரோடு பேசிய முதல் வார்த்தை, கேளுங்கள்.

‘லாபிர், எங்கட ஞாயிறு எங்களுக்குத் தேவையில்ல. நாங்க கோயிலுக்குப் போற நாள் கடல் சும்மாதான் கிடக்குது. வருசம் முழுக்க ஞாயிறு உங்கட வலைக்கு. அதுக்கு ஈட்டு நாள் எனக்கு ஒண்டும் வேணாம். பழைய ஈடும் வேணாம்.’

இழந்தவர் யார்? அவர். கயிறு வெட்டுப்பட்டவர் யார்? அவர். கேட்க உரிமையுள்ளவர் யார்? அவர்! அவர்தான் கொடுத்தார். லாபிர் நானா கதிரையில் இருந்துகொண்டே அழுதார். ‘அக்கா, உங்கட வாப்பா தந்த இடத்தில நிண்டுகொண்டு நான் உங்களோட நாள் எண்ணிட்டேன். வெள்ளி முழுக்க உங்களுக்கு. நாங்க பள்ளிக்குப் போற நாள் நீங்க இழுங்க. எனக்கும் ஈடு வேணாம்’ என்றார்.

முளை உருவப்பட்டது, தோழர்களே! ஈட்டு நாள் என்ற அந்த ஒரு முளை! மாத்தயா பேனையை எடுத்து, ‘ஹரி, சரி, மிச்சம் அஞ்சு நாள். அஞ்ச ரெண்டாப் பிரிக்க ஏலாதே?’ என்றார். லாபிர் நானா கண்ணைத் துடைத்துக்கொண்டு, ‘ஏன் பிரிக்கோணும் மாத்தயா? மாறி மாறிப் போகட்டும். சனி அக்காட எண்டா திங்கள் எங்கட. கிழமை முடிஞ்சா முறை முடியிறதில்லயே’ என்றார். ஐந்து வருடம் அடிபட்ட பிரச்சினை பிளேன்டீ ஆறுமுன் முடிந்தது. பெரிய வெள்ளி வந்தால் கடல் கிடக்கட்டும். பெருநாள் வந்தால் கடல் கிடக்கட்டும். மீனும் ஒருநாள் ஓய்வெடுக்கட்டும்!

பிறகு ஒரு சண்டை வந்தது, அதையும் சொல்லவேண்டும். முதல் வலை யாருடையது என்ற சண்டை. ‘நீங்க இறக்குங்க’ என்றார் அக்கா. ‘நீங்க இறக்காம நான் இறக்கமாட்டேன்’ என்றார் நானா. அரை மணி நேரம்! மாத்தயா பொறுக்க முடியாமல் ‘அனே, ஐயோ, இப்ப இதுக்கும் ஒரு தடை போடவா?’ என்று கேட்ட பிறகுதான் அக்கா இறங்கிவந்தார்.

பார்த்தீர்களா, அன்பர்களே, எது வெற்றி? வெட்டியதா வெற்றி? விட்டுக்கொடுத்ததே வெற்றி! ஓங்கிய கத்தி ஒரு வலையைக் கிழித்தது, ஏந்திய ஊசி ஒரு ஊரைத் தைத்தது! ஆசியாவை ஆள வந்தவன் யார் யாரையோ வென்றான், முடிவில் முப்பத்து மூன்று வயது நிறையுமுன் அந்நிய மண்ணில் மாண்டான். எங்கள் மக்தலேனா அக்கா யாரையும் வெல்லவில்லை. ஆனால் இந்தக் கரையில் அவர் நடந்துபோனால் எழும்பாத ஆள் உண்டா? பள்ளிவாசல் பக்கத்துப் பிள்ளையும் அவரை மாமி என்கிறது, கோயில் பக்கத்துப் பிள்ளையும் லாபிர் நானாவை மாமா என்கிறது. இதைவிடப் பெரிய சாம்ராச்சியம் எது? இதைவிடப் பெரிய சிம்மாசனம் எது? தெரிந்தால் யாராவது எழும்பிச் சொல்லுங்கள்!

என்ன, உண்மையாகவே எழும்புகிறீர்கள்? ஓ… மிதவைகள் கிட்ட வந்துவிட்டன. இரண்டு கயிறும் நெருங்குகிறது. பாருங்கள், மடி கரை மணலைத் தொடும் நேரம். கரைவலையில் இதுதான் கண்டம். பாரம் முழுவதும் மடியில் இறங்கும், பொத்திய இடமெல்லாம் இழுபடும். யா அல்லாஹ், நான் போட்ட கண்கள் எதையும் அக்கா விட்டுவைத்திருக்கக் கூடாது!

தலைவரே, நீங்களுமா எழும்புகிறீர்கள்? போங்கள், அண்ணர், போங்கள். பங்குத்தந்தை அங்கியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார், மௌலவி அவரை முந்திக்கொண்டு ஓடுகிறார். லாபிர் நானாவின் ஆட்கள் கூப்பிடாமலே வடக்குக் கயிற்றில் விழுந்து பிடிக்கிறார்கள். சிலாபத்து முதலாளிமார் செருப்பைக் கழற்றிவிட்டு அலைக்குள் நிற்கிறார்கள். றைஸா! றைஸாவும் போய்விட்டாளா? முழங்கால் வருத்தம் என்று காலையில் படி ஏறாதவள், அதோ தெற்குக் கயிற்றில்! இழுங்கள்! இழுங்கள்! விட்டுவிடாதீர்கள்!

வருகிறது… மடி வருகிறது… வெள்ளையாய்த் துள்ளுகிறது… அக்கா குனிந்து பார்க்கிறார். வடக்கு ஓரத்தைத் தடவிப் பார்க்கிறார். கையை உயர்த்துகிறார்!

தாங்கிவிட்டது! ஒரு கண்ணும் விடவில்லை! வலை தாங்கிவிட்டது! அல்ஹம்துலில்லாஹ்! ஸுஹைப் மணலில் நெற்றி பதித்து சஜ்தாச் செய்கிறான், அக்கா அவன் தலையில் கை வைக்கிறார். பாருங்கள்! யாரைப் பார்க்கச் சொல்கிறேன்? மேடையின் முன்னால் ஒருவரும் இல்லையே! கச்சான் சுற்றிய கடதாசிச் சரைகள் மட்டும் கிடக்கின்றன.

முப்பது வருட மேடை வாழ்வில் என் பேச்சை விட்டு ஒரு கூட்டம் எழுந்து ஓடியது இதுதான் முதற் தடவை. இத்தனை பெரிய வெற்றியை நான் எந்தக் கைதட்டலிலும் கண்டதில்லை. ஆகவே, எனக்கு நிழல் தந்த பந்தலுக்கும், இன்னும் நின்று கேட்டுக்கொண்டிருக்கும் ஒலிபெருக்கிக்காரத் தம்பிக்கும், முந்நூறு காலிக் கதிரைகளுக்கும், அவற்றைக் காலியாக்கிய என் ஊருக்கும் நன்றி கூறுகிறேன். கடலுக்கும் கரைக்கும், அக்காவுக்கும் நானாவுக்கும் என் ஸலாம், என் வணக்கம். தம்பி, இந்த ஒலிவாங்கியை நிறுத்து. என் செருப்பைப் பார்த்துக்கொள். லாபிர் நானா! கயிற்றில் எனக்கும் ஒரு சாண் இடம் விடுங்கள், வருகிறேன்!